போர்டு போச்சு சார்!

முதல்லயே சொல்லிடறேன், நான் எலக்ட்ரீஷியன் இல்லை. பி.காம் படிச்சுட்டு, பேங்க்ல இருபது வருஷமா குப்பை கொட்டிட்டு, இப்போ மாற்றலாகி மட்டாஞ்சேரியில் வாடகை வீட்டில் இருக்கிறவன். ரிலே, கெபாசிட்டர்னு நான் எழுதறதைப் பார்த்து இன்ஜினியர் அண்ணாச்சிகள் சிரிக்கலாம். சிரிங்க. இது மோட்டாரைப் பத்தின சண்டை மாதிரி தெரிஞ்சாலும் அடியில் இருக்கிறது கணக்கு. அது என் ஏரியா.

ஊர்ல ரிமோட் கேட், இங்கே கார் ஷெட்டுக்கு மோட்டார் ஷட்டர், அமெரிக்காவில் இருக்கிறவங்களுக்கு கராஜ் கதவு. எது நின்னு போனாலும், ஆளைக் கூப்பிட்டா வர்ற தீர்ப்பு ஒண்ணுதான். சென்னையில் "போர்டு போச்சு சார்". கொச்சியில் "போர்டு போயி சாரே". பாஷை மாறுது, எஸ்டிமேட் மாறறதில்லை.

எங்க வீட்டு ஷட்டர் போன ஜூலை மழையில் நின்னுது. ஸ்விட்சைப் போட்டா "ம்ம்ம்"னு ஒரு முனகல், அவ்வளவுதான், அசையலை. கம்பெனி ஆள் வந்தார். மூடியைக் கழட்டினார், போர்டு மேல டார்ச் அடிச்சார், மூடினார். நாலு நிமிஷம். பையில் மீட்டர் இருந்தது, அதை வெளியே எடுக்கவே இல்லை. போர்டு 10,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 11,800. விசிட் சார்ஜ் தனி.

பேங்க்ல ஒரு கடன் 90 நாளுக்கு மேல தவணை தவறினாத்தான் அதை வாராக்கடன்னு சொல்லுவோம். அதுக்கப்புறமும் தள்ளுபடி பண்ணணும்னா ஆள் நேர்ல போய்ப் பார்க்கணும், ரிப்போர்ட் எழுதணும், மேல இருக்கிறவர் கையெழுத்துப் போடணும். பத்தாயிரம் ரூபாய் போர்டை மட்டும் டார்ச் வெளிச்சத்தில் நாலு நிமிஷத்தில் தள்ளுபடி பண்ணிடலாமா?

அந்த முனகலையே கொஞ்சம் யோசிங்க. மோட்டார் முனகுதுன்னா கரண்ட் அதுவரைக்கும் போய்ச் சேர்ந்தாச்சு. போர்டில் இருக்கிற ரிலே வேலை செஞ்சாத்தான் போய்ச் சேரும். அப்போ குற்றவாளி போர்டா இருக்க வாய்ப்பு குறைவு. இந்த மாதிரி சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு கெபாசிட்டர்னு ஒரு சின்ன டப்பா உண்டு. நின்ன மாட்டை வாலை முறுக்கிக் கிளப்பற ஆள் மாதிரி அது. அது பலமிழந்தா மோட்டார் முனகிக்கிட்டே நிக்கும், சூடாகும், சுத்தாது.

தோப்பும்படியில் மோட்டாருக்குக் காயில் கட்டற ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தேன். முதல் வேலையா எம்சிபியை இறக்கினார். கெபாசிட்டர்ல மிச்சமிருந்த கரண்டை வடிச்சார் (இதைச் செய்யாம கை வெச்சா உதைக்கும், ஜாக்கிரதை). அப்புறம் மீட்டர். டப்பா மேல 20 மைக்ரோஃபாரட்னு போட்டிருக்கு, மீட்டர் 9 காட்டுது. புது கெபாசிட்டர் 180 ரூபாய், அவர் கூலி 400. ஷட்டர் ஏறிடுச்சு.

பணம் மிச்சமானதுக்காக இதை எழுதலை. அந்த 20-ம் 9-ம் இருக்கே, அது ஆதாரம். அதை எனக்குக் காட்டினார். கம்பெனி ஆள் காட்டினது டார்ச்.

எல்லா மோட்டாரும் கெபாசிட்டராலதான் நிக்கும்னு நினைச்சுக்காதீங்க. ஆனா பெரும்பாலான நோய் வெளியிலேயே தெரியும். சுவர் ஸ்விட்ச் வேலை செஞ்சு ரிமோட் மட்டும் செய்யலைன்னா முதல்ல ரிமோட்டோட பேட்டரி. கதவு பாதி இறங்கித் திரும்ப மேலே போனா, கீழே ரெண்டு பக்கமும் இருக்கிற சென்சார் கண்ணைப் பாருங்க. சிலந்தி வலை கட்டியிருக்கும், யாராவது சைக்கிளை இடிச்சுக் கோணலாக்கியிருப்பாங்க, இல்லைன்னா சாயங்கால வெயில் நேரா அதில் அடிக்கும். கண் சரியா இருந்தா தண்டவாளத்தில் எங்கேயோ கதவு இறுகுது. நாலஞ்சு தடவை ஏத்தி இறக்கினதும் நின்னு, கால் மணி நேரம் கழிச்சு தானா ஓடினா அது வியாதியே இல்லை, மோட்டார் சூடு தாங்காம தன்னைக் காப்பாத்திக்கிட்டது. நிக்க வேண்டிய இடத்தில் நிக்கலைன்னா லிமிட் ஸ்விட்ச். மோட்டார் ஓடுது, கதவு வரலைன்னா செயின், பல்சக்கரம், இல்லைன்னா யாரோ எமர்ஜென்சி கயிறை இழுத்துட்டு மறந்திருக்காங்க. இத்தனையும் தாண்டினப்புறம்தான் போர்டுக்கு முறை.

கதவைத் தாங்கற ஸ்பிரிங்கை மட்டும் யாரும் தொடாதீங்க. மோட்டாரை நிறுத்தினாலும் அதில் இருக்கிற முறுக்கு நிக்காது, கையை உடைச்சிடும்.

போர்டு போகவே போகாதுன்னும் சொல்ல வரலை. இந்த ஊர்ல நல்லாவே போகும். காயல் காத்தில் உப்பு, ஜூன்ல ஆரம்பிச்சா விடாத மழை, ஏப்ரல் மே மாசத்திலயும் துலாவர்ஷத்திலயும் இடி. பெட்டிக்குள்ள பல்லி குடும்பம் நடத்தும். ஆனா இடி விழுந்த போர்டிலும் பல சமயம் போறது ஒரு ஃபியூஸ், ஒரு வேரிஸ்டர், ஒரு ரிலே. எல்லாம் எர்ணாகுளம் பள்ளிமுக்கில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சமாசாரம். அதை மாத்த ஒரு சால்டரிங் அயர்னும் மனசும் போதும்.

அந்தக் கம்பெனிப் பையன் மேல எனக்குக் கோபம் இல்லை. அவன் பையில் ரிலே கிடையாது, முழு போர்டு மட்டும்தான் இருக்கு. ஒரு நாளைக்கு இத்தனை வீடுன்னு கணக்கு. ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவனைக்கூட பார்சல் டெலிவரி ஆளா மாத்தி வெச்சிருக்கிறது மேல இருக்கிறவங்க வியாபாரம். என் சண்டை அவங்களோட.

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. என்னோட வேலை பார்க்கிறவர் வீட்டு ரிமோட் கேட் அடிக்கடி பாதியில் திரும்புதுன்னு ஆளைக் கூப்பிட்டார். வந்தவர் சென்சார் ஒயர் ரெண்டையும் சேர்த்து முறுக்கி "சரியாச்சு"ன்னுட்டுப் போயிட்டார். அதாவது கேட்டோட கண்ணைக் குருடாக்கிட்டுப் போயிட்டார். 2024 ஜூன் மாசம் மலப்புரம் மாவட்டம் திரூர் பக்கம் வைலத்தூரில் ஒரு 9 வயசுப் பையன் பக்கத்து வீட்டு ரிமோட் கேட்டில் சிக்கிச் செத்துப் போனான். அந்த கேட்டில் என்ன கோளாறுன்னு நான் பேச வரலை. மோட்டார் கேட் என்ன செய்யும்னு தெரிஞ்சப்புறமும் ஒருத்தர் சென்சாரை முறுக்கி விடறார்னா அதுக்குப் பேர் ரிப்பேரா?

அமெரிக்காவில் குழந்தைகள் இப்படி வரிசையா செத்த பிறகுதான் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகிற வீட்டு கராஜ் மோட்டார் எல்லாத்துக்கும் சென்சார் கண்ணோ, தொட்டதும் திரும்பற விளிம்போ கட்டாயம். அங்கே மாசா மாசம் செய்யச் சொல்ற சோதனை ஒண்ணு உண்டு. ஒன்றரை இஞ்ச் கனமுள்ள கட்டையைப் படுக்கவெச்சு கதவை இறக்கணும், பட்டதும் திரும்பணும். திரும்பலைன்னா மோட்டாரைக் கழட்டி விட்டுட்டு ஆளைக் கூப்பிடணும்.

இப்போ நியூஜெர்சி, டல்லாஸ் சொந்தங்களுக்கு. அங்கே உங்க கராஜ் கதவு நின்னா சனிக்கிழமை பூரா வீடியோ பார்த்து நீங்களே சரி பண்றீங்க. அம்பத்தூர்ல அப்பா வீட்டு கேட் நின்னா, போன்ல "போர்டு போச்சாம்பா"ன்னு கேட்டதும் அடுத்த நிமிஷம் பணம் அனுப்பறீங்க. அந்த அவசரத்தை நம்பித்தான் இந்த எஸ்டிமேட்டே எழுதறாங்க. வயசானவங்க தனியா இருக்கிற வீடு, பையன் வெளிநாடு, ரெண்டாவது கேள்வி வராது. அடுத்த தடவை ஒரே கேள்வி கேளுங்க: ரீடிங் என்ன? எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. மாத்தின பழைய பாகத்தை வீட்டிலேயே வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க. இந்த ரெண்டைக் கேட்டாலே பாதி போர்டு உயிர் பிழைச்சிடும்.

பொருள் நம்மளது, உரிமை அவனதுங்கிற வியாபாரம் இந்தியாவில் மட்டும் இல்லை. சேம்பர்லைன்னு பெரிய கராஜ் மோட்டார் கம்பெனி, தன்னோட மோட்டாருக்குப் பொருந்தற ரிமோட்டை வெளியாள் வித்ததுக்காக ஸ்கைலிங்க் கம்பெனி மேல காப்புரிமைச் சட்டத்தில் கேஸ் போட்டது. 2004-ல் ஃபெடரல் அப்பீல் கோர்ட் ஸ்கைலிங்க் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. காசு கொடுத்து வாங்கின கதவை எந்த ரிமோட்டால திறக்கறதுங்கிறதுக்கே கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்திருக்கு பாருங்க.

இங்கே மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்குன்னு கமிட்டி போட்டு, டிசம்பர்ல வெப்சைட்டும் திறந்தது. தனிச் சட்டம் இன்னும் வரலை. அதுவரைக்கும் கையில் இருக்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1915-க்கு போன் பண்ணலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. அங்கேயும் முதல்ல கேட்கப்போறது பேப்பர்தான். அதனாலதான் ரீடிங்கை எழுதி வாங்குங்கன்னு சொல்றேன்.

பி.கு: ஸ்லைடிங் கேட் மோட்டாருக்குப் பொதுவா ஒரு குட்டிச் சாவி வரும். கரண்ட் இல்லாதப்போ அதைப் போட்டு மோட்டாரை விடுவிச்சு கேட்டைக் கையால தள்ளலாம். மாட்டின ஆள் அதை எங்கே வெச்சார்னு இன்னிக்கு ராத்திரி போன் பண்ணும்போது அப்பாகிட்ட கேளுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி போக காரை வெளியே எடுக்கிறப்போ தேட முடியாது.