பழைய படகும் புதிய யந்திரமும்

பழைய பாய்மரப் படகுக்குப் புது யந்திரம் வைக்க எண்ணுவோர் முதலில் விசாரிப்பது குதிரைச் சக்தியைத்தான். அது வீண் ஆசை என்பது நமது அபிப்பிராயம். இத்தகைய படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகு மணிக்குச் சுமார் 6.7 கடல் மைல் போகும். அதற்குமேல் சேர்க்கும் சக்தி அலையைப் பெருக்குமேயன்றி ஓட்டத்தைப் பெருக்காது.

அமெரிக்கப் படகுகள் பலவற்றில் 'அடாமிக் 4' என்ற 30 குதிரைச் சக்திப் பெட்ரோல் யந்திரம் இருந்தது. பெட்ரோல் ஆவி படகின் அடியில் தேங்கி வெடிக்குமோ என்று அஞ்சிப் பலர் டீசலுக்கு மாறினார்கள். அச்சம் நியாயமே. சங்கடம் புரொப்பெல்லரில்தான் வருகிறது. பழைய யந்திரம் பெரும்பாலும் தண்டை நேரே வேகமாகச் சுழற்றியது. சிறிய புரொப்பெல்லரே அதற்குப் போதும். டீசலோ பற்சக்கரத்தால் சுழற்சியைப் பாதியாக்கி, பெரியதொன்றைக் கேட்கிறது. அதற்கு இடம் எங்கே? இலை நுனிக்கும் படகின் உடலுக்கும் நடுவே, விட்டத்தில் பத்திலொரு பங்காவது இடைவெளி வேண்டும். இல்லையேல் படகு அதிரும். போதாக்குறைக்கு, பழையது இடம்புரி, புதியது பெரும்பாலும் வலம்புரி! சங்குக்கு மட்டுமே இந்தப் பேதம் என்றிருந்தோம்.

ஆகவே யந்திரத்தை விலை பேசுமுன், அளவுநாடாவுடன் படகின் அடியில் குனிந்து பார்ப்பது நலம். முழு விசையிலும் உரிய சுழற்சியை எட்டாமல் டீசல் கரும்புகை கக்கினால், யந்திரத்தை நோவானேன்? புரொப்பெல்லரின் பளு அதிகமா என்று முதலில் பார்க்கட்டும்.