சாமளாபுரம் கேட்ட கேள்வி



நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை மூடும்படி 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. மூடிய கடைகளை ஊர்களுக்குள் கொண்டுவர சர்க்கார் முனைந்தது. சூலூருக்குக் கிழக்கே, சோமனூரை அடுத்த சாமளாபுரத்துப் பெண்கள் இதை எதிர்த்து 2017 ஏப்ரல் 11-ம் தேதி ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஓர் உயர் அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார். நாடே கொதித்தது.

அதிகாரியின் கையைக் கண்டித்தோம், நியாயமே. ஆனால், கூலி வாங்கிய ராத்திரி குடித்துவிட்டு வந்து மனைவிமேல் நீளும் கை யாருடையது?

“மில்லில் பிழிந்தெடுக்கிறான், காட்டுவேலையில் இடுப்பு ஒடிகிறது, சர்க்காரே கடை நடத்துகிறது. நான் என்ன செய்ய?” என்பவர்கள் உண்டு. அத்தனையும் மெய்தான். 2003 முதல் சில்லறை மது வியாபாரமும் சர்க்கார் கையில்தான். அதை எதிர்த்துப் போராடுவோம். ஆனால், அடி வாங்குகிறவள் முதலாளியா? நம்மோடு நூற்பாலையிலும் களையெடுப்பிலும் உழைக்கிறவளல்லவா?

“போதையில் செய்துவிட்டேன்” என்றால் கணக்குத் தீராது. செய்ததை அவள் முகம் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். கூலி முழுவதும் வீடு வந்து சேர வேண்டும். பிள்ளைகளின் பயம் தெளியும்வரை பொறுக்க வேண்டும். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் உரிமை.

வீட்டில் எஜமானனாக இருப்பவன் ஆலைவாசலில் சமத்துவம் கேட்டால் யார் நம்புவார்கள்?