கொச்சி யூதரும் குலவேற்றுமையும்

யூத மக்களின் சரித்திரத்தில் கண்ணீரின்றிப் படித்தற்குரிய பக்கங்கள் சிலவே. 1492இல் ஸ்பெயின் தேசம் அவரைத் துரத்திற்று. சென்ற நூற்றாண்டில் ஹிட்லரின் ஆட்சி ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்று குவித்தது. இவற்றினிடையே சேரநாட்டு யூதரின் வரலாறு படிப்போர்க்கு ஆறுதல் அளிப்பதாகும். அவ்வாறுதலினிடையே ஒரு முள்ளும் உண்டு. அம்முள்ளைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

கி.பி. 1000 அளவில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவர்க்குச் செப்பேடு ஒன்று வழங்கினான். வட்டெழுத்தில் பொறித்த அவ்வேட்டின் மொழி தமிழ் பயில்வார்க்கு அயலன்று. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம் முதலியவற்றுக்குரிய 72 உரிமைகள் அதனால் அவர்க்கு உரியவாயின. கடல்கடந்து வந்தார்க்கு ஒரு நாடு இதனினும் மிக்க மதிப்பை எங்ஙனம் அளிக்கவல்லது?

ஆயின் வந்தவர் இந்நாட்டின் சிறப்புக்களோடு அதன் நோயையும் ஏற்றுக்கொண்டனர். ஸ்பெயின் முதலிய நாடுகளினின்றும் பின்னர் வந்தோர் பரதேசி யூதர் எனப்பட்டனர். 1568இல் மட்டாஞ்சேரியில் அவர் கட்டிய ஜெப ஆலயம் இன்றும் நிலைத்துள்ளது. பன்னெடுங்காலமாக அங்கு வாழ்ந்த மலபார் யூதரோடு அவர் மணவுறவு கொண்டிலர். தம் இல்லங்களில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்று யூத சமயத்தைத் தழுவியோரையும், அவர்தம் வழித்தோன்றல்களையும் தமக்குச் சமமாக ஆலயத்தில் அமரவிடவுமிலர். அன்னார் தரையிலும் புறத்தாழ்வாரத்திலும் அமர்ந்தனர். திருச்சுருளை வாசித்தற்கு அழைக்கப்பட்டிலர்.

இக்கொடுமையின் விந்தையை நோக்குமின்! பார்வோனுக்கு அடிமைகளாயிருந்த தம் முன்னோர் மீட்கப்பட்ட வரலாற்றை ஆண்டுதோறும் பஸ்கா இரவில் ஓதும் குலம் யூதகுலம். அடிமையின் மக்களாயிருந்தோரே தம்மிடையிலிருந்த அடிமையின் மக்களைப் புறத்தே நிறுத்தினர். இது சமயத்தின் கட்டளையுமன்று. பதினாறாம் நூற்றாண்டில் இவ்வழக்குக் கெய்ரோ நகரத்துப் பேரறிஞர் தாவீது இபின் சிம்ரா என்பாரிடம் சென்றது. முறைப்படி சமயச்சடங்கு நிகழ்ந்தபின் இருதிறத்தாரும் தம்முள் மணம் செய்துகொள்ளலாம் என அவர் விடையிறுத்தார். எகிப்திலிருந்து வந்த தீர்ப்பும் கொச்சியின் வழக்கத்தை வென்றிலது.

இவ்வழக்கத்தை எதிர்த்து எழுந்தவர் அந்த ஒதுக்கப்பட்டோர் மரபிலேயே 1882இல் பிறந்த ஆபிரகாம் பாராக் சேலம் என்னும் வழக்கறிஞர். கொச்சிச் சட்டசபையில் அங்கத்தினராயிருந்தவர். 1929இல் லாகூரில் நடந்த காங்கிரஸ் மகாசபைக்குச் சென்றவர். அவர் காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைத் தம் ஜெப ஆலயத்துள்ளேயே கைக்கொண்டார். காலப்போக்கில் தடைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. அவர் 1967இல் மறைந்தார்.

தனித்திருந்தமையாலன்றோ அச்சிறு கூட்டம் அழியாது நின்றது எனச் சிலர் வினவுவர். நாம் அதற்கு உடன்படோம். அவர்களைக் காத்தவை ஓய்வுநாள் ஒழுக்கமும், பண்டிகைகளும், எபிரெய வேதமுமேயாம். இவற்றை மலபார் யூதரும் தத்தம் ஆலயங்களில் வழுவாது போற்றினர். 1948இல் இஸ்ரவேல் நாடு தோன்றியபின் கொச்சி யூதருள் பெரும்பாலார் ஆங்குக் குடியேறினர். மட்டாஞ்சேரியில் இன்று எஞ்சியிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அவர் செல்லுதற்குக் காரணம் பலவாம். எனினும், சிறு கூட்டம் தன்னைத் தானே மேலும் சிறு கூறுகளாகப் பிரித்துக்கொள்வது வாழ்வுக்கு வழியாகுமோ?

யூதரை இகழும் நோக்கம் நமக்கில்லை. அந்நோய் அவர் கொண்டுவந்ததன்று. நம் மண்ணில் அவர் பெற்றது. ஒரே பாத்திரத்தில் பங்குபெறும் நம் திருச்சபைகள் சிலவற்றில் கல்லறைத் தோட்டமும் குலம்பற்றிப் பிரிக்கப்பட்டிருத்தலைக் காண்கின்றோம். மாண்டார்க்கும் வேலியிடும் நாம் மட்டாஞ்சேரித் தாழ்வாரத்தைக் கண்டு வியத்தற்கு யாதுரிமை உடையோம்? புறத்தே நிறுத்தப்பட்டவன் கேட்கும்வரை காத்திராது, அகத்தே இருப்போரே எழுந்து அவனை அழைத்தல் வேண்டும். அவ்வாறு அழைக்கத் துணியும் இளைஞர் நம் கல்லூரியினின்றும் தோன்றுவாராக.