இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை?

"கிமியா எனக்கு வராது சித்தி. வேற பாடம் மாத்திக்கிறேன்."

ஈப்போவில் படிவம் நான்கு படிக்கும் அக்கா மகள் நோட்டை என் முன் தள்ளினாள். ஆறாம் ஆண்டு வரை தமிழில் அறிவியல் படித்தவள். இப்போது எல்லாம் மலாயில். ஆனால் அவள் தடுக்கி விழுந்தது மொழியில் அல்ல, கணக்கில்.

எச்₂ + ஓ₂ → எச்₂ஓ. இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. சமன் செய்ய, எச்₂ஓ₂ என்று மாற்றியிருந்தாள். எண்ணிக்கை சரிதான். ஆனால் எச்₂ஓ₂ தண்ணீர் இல்லை; ஹைட்ரஜன் பெராக்சைடு, புண் கழுவும் மருந்து!

"கீழே ஒட்டியிருக்கும் எண், அது என்ன பொருள் என்று சொல்கிறது. அதைத் தொடாதே. முன்னால் போடும் எண்தான் எத்தனை என்று சொல்கிறது. அதை மட்டும் மாற்று."

தண்ணீருக்கு முன்னால் 2 போட்டாள். ஆக்சிஜன் சரி, வலப்பக்கம் ஹைட்ரஜன் நான்காகிவிட்டது. இடப்பக்க ஹைட்ரஜனுக்கு முன்னாலும் 2. இரண்டு பக்கமும் நான்கு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். முடிந்தது.

"எதுக்கு சித்தி சமமா இருக்கணும்?"

நம் ஊர் சுண்ணாம்புக்கல்லைக் காட்டினேன். சுத்தமான கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ காணாமல் போகவில்லை. கரியமில வாயுவாகக் காற்றில் கலந்தது. அணுக்கள் இடம் மாறும், அழியாது. 18ஆம் நூற்றாண்டிலேயே தராசை வைத்து இதை நிறுவிய பிரெஞ்சுக்காரர் லவாய்சியர், வரி வசூல் கணக்கும் பார்த்தவர்.

அப்போதுதான் பாட்டி நினைவுக்கு வந்தார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். வாளி நிறையப் பால் கொண்டுபோனாலும், காய்ந்த ரப்பர் கணக்கில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். கிராணி ஏமாற்றுகிறார் என்று கடைசிவரை நம்பினார்.

"நெசமாவே ஏமாத்துனாங்களா?"

"மரத்துப் பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனால் அதற்கு மேலும் குறைந்ததா என்று பாட்டியால் சொல்ல முடியவில்லை. கணக்கை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை."

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அடுத்த சமன்பாட்டின் கீழே கோடு போட்டு, இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை என்று எண்ண ஆரம்பித்தாள்.