பைக் பிடிக்க கனடா, விரால் பிடிக்க?

கனடாவுல மீன்பிடி விடுமுறைன்னு ஒண்ணு இருக்கு. ரோடே இல்லாத காட்டு ஏரி. மிதவை விமானத்துல போய் இறங்கி, மரக்குடில்ல ஒரு வாரம் தங்கி வால்ஐ, பைக் (வண்டி இல்லீங்க, மீன்!) பிடிக்கணும். அதைப் பார்த்து நம்மாளுங்க விடற பெருமூச்சு இருக்கே... "அங்க ஆளே இல்ல, அதான் மீன் இருக்கு"ன்னு விளக்கம் வேற!

பாதி உண்மை சாமி. மீதி, சட்டம். ஒண்டாரியோவுல தூண்டில் போட லைசென்ஸ். எந்த மீனை எப்போ பிடிக்கலாம், எத்தனை வெச்சுக்கலாம், எல்லாத்துக்கும் கணக்கு.

பைக் நீர்ச்செடிக்குள்ள பதுங்கி இரைமேல பாயும். நம்ம விராலும் அதே ரகம்தான். மேல வந்து காத்தையே சுவாசிக்கிற கெட்டி மீன். சாக்கடைத் தண்ணியைக்கூட அது தாங்கும். அதைத் திங்கற நாம தாங்குவோமா?

சேலையூர், செம்பாக்கம், பீர்க்கன்காரணைன்னு தாம்பரத்தைச் சுத்தி ஏரிக்கா பஞ்சம்? 2021ல மாநகராட்சி ஆயாச்சு. பாதாள சாக்கடைதான் எல்லாத் தெருவுக்கும் வந்தபாடில்ல. பள்ளிக்கரணைக்கு 2022ல ராம்சார் அந்தஸ்து கிடைச்சப்போ பக்கத்துலயே பெருங்குடி குப்பைமேடு!

ஆள் இருந்தா ஏரி நாசம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு: 2019ல சிட்லபாக்கம் ஏரியில இறங்கி சுத்தம் பண்ணது அக்கம்பக்கத்து ஜனங்கதான்.

கனடா போறவங்க தாராளமா போங்க. வரும்போது மீன் போட்டோவோட அந்த ஊர் சட்டத்தையும் கொண்டாங்க. வார்டு கவுன்சிலர்கிட்ட காட்டணும்.