மகள் குடித்தாள் என்றால் முதலில் என்ன கேட்பது?



உடும்பஞ்சோலை ஏலக்காட்டில் நாளெல்லாம் உழைத்து வரும் தகப்பன் குவார்ட்டர் அடித்தால், "பாவம், உடம்பு அலுப்பு" என்கிறோம். அதே லயத்திலிருந்து கல்லூரிக்குப் போன மகள் விடுதியில் ஒரு நாள் குடித்தாள் என்று காதில் விழுந்தால்? "படிப்பை நிறுத்து, மாப்பிள்ளை பார்!" அவள் ஏன் குடித்தாள் என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

"இந்தக் காலத்துப் பெண்கள் எல்லாம் குடிக்கிறார்கள்" என்பது வெறும் கூச்சல். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, 15 வயதைத் தாண்டியவர்களில் குடிப்பவர்கள் பெண்களில் 100க்கு ஏறக்குறைய 1, ஆண்களில் 19. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பெண்களின் கணக்கு அந்த ஒன்றைக்கூட எட்டவில்லை. ஆனால் அந்த ஒருத்தி நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாமே!

பயந்தவளுக்கு மது முதலில் மருந்து மாதிரித்தான் இருக்கும். மூளையின் பதற்றத்தை அது அமுக்குகிறது. சில மணி நேரம் நெஞ்சுப் படபடப்பு அடங்கும். போதை இறங்கும்போது மூளை எதிர்ப்பக்கம் துள்ளும். விடியுமுன் தூக்கம் கலையும், கை நடுங்கும், பயம் முன்னைவிடக் கூடும். அதை அடக்க மறுபடி குடி. வட்டி கட்ட வட்டிக்காரனிடமே கடன் வாங்குகிற கதைதான். பெண்ணுடம்பில் நீரின் பங்கு குறைவு. ஆண் குடிக்கிற அதே அளவு அவளை அதிகம் தாக்கும். தூக்க மாத்திரையும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

சரி, பயம் எங்கிருந்து வந்தது? பிளஸ் டூ வரை தமிழில் படித்தவளுக்கு வகுப்பில் மலையாளமும் இங்கிலீஷும். கேட்டால் சிரிப்பார்களோ என்று வாய் திறப்பதில்லை. அதைவிடப் பெரியது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியான குடும்பம் 1950க்குப் பிறகு மலையேறியிருந்தால், கேரளத்தில் அந்தச் சலுகை இல்லை. தாத்தா எந்த வருஷம் போடிமெட்டு ஏறினார் என்பதற்குக் கூலிக்காரன் வீட்டில் காகிதம் ஏது? இங்கேயே பிறந்த பேத்திக்குக் கட்டணச் சலுகை கிடையாது. ஒவ்வொரு பருவத்திலும் பணத்துக்கு யாரிடம் கையேந்துவது என்ற நடுக்கம்.

தகப்பன்மார்களே, கோபிக்காதீர்கள், இன்னொன்றும் உண்டு. குடிகாரர் வீட்டில், ராத்திரி கதவு தட்டும் சத்தத்துக்கு நடுங்கி வளர்ந்த பிள்ளைக்குப் பதற்றமும் சீக்கிரம் ஒட்டும், குடியும் சீக்கிரம் ஒட்டும். மருத்துவர்கள் வெகுகாலமாகச் சொல்வது இது. மகளை அடிக்கக் கை ஓங்குமுன், அந்தக் கையில் நேற்று என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

சர்க்காரின் மனநல உதவி எண் 14416. 2022 முதல் நடக்கிறது. காசில்லை, தமிழிலும் பேசலாம். விடுதிக்குக் கிளம்பும் மகளிடம் எழுதிக் கொடுங்கள். வீட்டில் குடிக்கிறவர் இருந்தால் அவருக்கும் அதே எண்தான்.

சான்றிதழ் பிரச்சினையைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் முதல் தீர்மானமாக எடுக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளையும் மேடையில் பேச விடுங்கள்.