அந்த மனுவில் நான் கையெழுத்து போடமாட்டேன்

கரையான்சாவடியில் புதுசா எழும்பியிருக்கும் அடுக்குமாடி ஒன்றிலிருந்து ஒரு மனு சுற்றுக்கு வந்திருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பன்றி வளர்ப்பதையே அடியோடு தடை செய்யணுமாம். தெருவில் திரியும் பன்றி, கொட்டிலில் அடைத்து வளர்க்கும் பன்றி, நகராட்சிக்குள் இருப்பது, தள்ளி ஊராட்சியில் இருப்பது, எந்த வித்தியாசமும் அதில் கிடையாது. வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. "சார், நீங்க கிராமத்தைப் பத்தி எழுதுறவர், உங்க பேரும் இருந்தா நல்லா இருக்கும்"னு மரியாதையாகத்தான் கேட்டாங்க. நேமம் பக்கம் என் நிலத்தில் ரெண்டு தாய்ப்பன்றி நிற்பது அவங்களுக்குத் தெரியாது போலிருக்கு.

நான் போடமாட்டேன். காரணத்தை இங்கேயே எழுதிடறேன், ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்ல நேரமில்லை.

தெருப் பன்றியைப் பிடிக்கணும் என்பதில் எனக்கும் சம்மதம்தான். நகர்ப்புறத்தில் விலங்கு வளர்க்க உரிமம் வேணும் என்று 1997லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டாச்சு. அதைச் செயல்படுத்தச் சொல்லிக் கேளுங்க, கூட வந்து நிற்கிறேன். ஆனா அந்தப் பன்றி எங்கே வருதுன்னு கொஞ்சம் பாருங்க. என் கத்தரித் தோட்டத்துக்கு வரலை. உங்க தெருமுனைக்குத்தான் வருது. பாதி பிரியாணியைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு, தொட்டியைக் குறி பார்த்து வீசி, தொட்டிக்கு வெளியே விழுந்தாலும் திரும்பிப் பார்க்காமல் போறீங்களே, அதுக்காக வருது. சோறு போட்டவனே 'ஏன் வந்தே'ன்னு கேட்கிற கதை இது.

பன்றி அழுக்கான பிராணி என்பது பார்க்காதவங்க பேச்சு. அதுக்கு நம்மைப் போல வேர்க்காது. உடம்புச் சூட்டைத் தணிக்க வேற வழியில்லாமல் சேற்றில் புரளுது. நல்ல தண்ணியும் நிழலும் கொடுத்தால் சேற்றைத் தேடாது. கொட்டிலில் போதுமான இடம் விட்டால், படுக்கிற மூலை வேற, சாணி போடுகிற மூலை வேற என்று அதுவே பிரித்து வைத்துக்கொள்ளும். என் மாடு இன்றைக்கும் சாணியிலேயேதான் படுக்குது. அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போறாங்க.

அடுத்து நோய். மனுவில் நாலு நோய் எழுதியிருக்காங்க. நாடாப்புழுவால் மூளையில் கட்டி வந்து வலிப்பு வரும் என்பது உண்மை. எப்படி வருதுன்னு எழுதலை. சரியா வேகாத பன்றிக்கறியைச் சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வரும். அந்தப் புழுவின் முட்டை மனுஷன் மலத்தோடு வெளியே போகும். அதைத் தின்கிற பன்றிக்கும் கட்டி வரும். கழுவாத கை வழியா, சாக்கடைத் தண்ணியில் வளர்ந்த கொத்தமல்லி வழியா அதே முட்டை இன்னொரு மனுஷன் வாய்க்குப் போனால் அவருக்கும் கட்டி வரும். கறியே தொடாதவங்களுக்கும் இந்தக் கட்டி வருவது அதனாலதான். பன்றியைக் கொட்டிலில் அடைத்து, வீட்டுக்கு வீடு கழிப்பறையும் இருந்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். அப்ப நான் கட்டின கொட்டில் நோய்க்கு எதிரிதானே?

2009ல் பன்றிக் காய்ச்சல் என்று ஊரே முகமூடி போட்டது. அது மனுஷனிடமிருந்து மனுஷனுக்குப் பரவின காய்ச்சல். கறி சாப்பிட்டு வந்ததில்லை. பேரில் பன்றி இருந்ததால் வளர்க்கிறவன் விலை போகாமல் உட்கார்ந்தான்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மட்டும் நியாயமான பயம். இந்தியாவில் முதன்முதலாக 1955ல் அதைக் கண்டுபிடித்தது நம்ம வேலூரில்தான். பன்றி உடம்பில் அந்தக் கிருமி பெருகும், கொசு அதை மனுஷனுக்குக் கொண்டு வரும். கொக்கு, நாரை உடம்பிலும் இருக்கும். அதனால் கொட்டில் குடியிருப்பை விட்டுத் தள்ளி இருக்கணும், தண்ணி தேங்கக்கூடாது. இதை நிபந்தனையா வையுங்க, ஏத்துக்கறேன். தடை வேற, நிபந்தனை வேற.

இன்னொரு விஷயத்தை மனுவில் எழுத மாட்டாங்க, பேச்சில் வரும். நான் முதல் குட்டி வாங்கினப்ப கேட்டாங்க: "உனக்கு எதுக்குப்பா இந்தப் பொழப்பு?" அந்த 'உனக்கு'க்குள்ளே சாதி இருக்கு. பன்றி மேய்த்தவங்களையும் ஊர்க் கழிவை அள்ளினவங்களையும் ஒரே சேரியில் தள்ளி வைத்த ஊர்தானே இது. இப்போ அதுக்கு 'சுகாதாரம்'னு பேர் வைத்திருக்கிறோம். இதே ஆட்கள் கல்யாணம் கூடிவரணும்னு திருவிடந்தைக்குப் போய் மாலை போட்டுக்கொள்கிறார்கள். அங்கே நிற்கிற பெருமாள் வராகம். மதுரைப் பக்கம் கேட்டால், தாயில்லாத பன்றிக்குட்டிகளுக்குச் சிவனே பால் கொடுத்தார் என்பது திருவிளையாடல். விடுமுறைக்குக் குடகு போனால் பன்றிக்கறியை இலையில் வைத்துப் படம் எடுத்து அனுப்புறாங்க. குடகில் இருந்தால் ருசி, நேமத்தில் இருந்தால் நாத்தம்!

சிறு விவசாயிக்கு இது ஏன் வேணும் என்று சொல்கிறேன். பசு வருஷத்துக்கு ஒரு கன்று போடுவதே அதிர்ஷ்டம். பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள், அதாவது மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள். நல்ல தாய் ஒரு ஈற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு குட்டி போடும். வருஷத்துக்கு ரெண்டு ஈற்று எடுக்கலாம். வெண்பன்றிக் குட்டி ஏழெட்டு மாசத்தில் தொண்ணூறு, நூறு கிலோவுக்கு வரும். விற்கவும் தூரம் போகவேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை செய்கிற வடகிழக்குப் பசங்க ஞாயிற்றுக்கிழமை ஆனால் தேடி வருவாங்க. நிலம் சென்ட் கணக்கில் சுருங்கிக்கொண்டே வரும் இந்தப் பக்கத்தில், வேற எந்தக் கால்நடை இவ்வளவு குறைந்த இடத்தில் இதைச் செய்யும்?

ஆனால் யூடியூபில் சொல்கிற மாதிரி லட்சம் லட்சமா கொட்டாது. செலவில் முக்கால்வாசி தீனிக்கே போகும். ஆரம்பிக்கிறவங்க முதல் வருஷம் தாய்ப்பன்றியே வாங்காதீங்க. பால் மறந்த ரெண்டு மாசக் குட்டி நாலு வாங்கி, விற்கிற எடை வரைக்கும் வளர்த்துப் பாருங்க. தீனி, நாத்தம், அக்கம்பக்கத்து முணுமுணுப்பு எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். தாங்கினால் அப்புறம் ரெண்டு பெட்டை. கிடா வேண்டாம், ரெண்டு பெட்டைக்காக ஒரு கிடாவுக்குத் தீனி போட்டால் கட்டாது. குட்டி போடும் கொட்டிலில் சுவரை ஒட்டித் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரும்புக் குழாய் பதிக்கணும். இல்லாவிட்டால் தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி நசுங்கிப் போகும். மண்ணையே பார்க்காமல் சிமெண்டுத் தரையில் வளர்கிற குட்டிக்கு மூணாம் நாள், நாலாம் நாளுக்குள் இரும்புச்சத்து ஊசி போட்டாகணும், தாய்ப்பாலில் அது போதாது. இதெல்லாம் காட்டுப்பாக்கத்தில் கற்றுக்கொடுக்கிறாங்க. நம்ம பக்கத்துக் காட்டுப்பாக்கம் இல்லீங்க, அங்கே போய் பஸ்ஸிலிருந்து இறங்கி நிற்காதீங்க. ஜிஎஸ்டி ரோட்டில் காட்டாங்கொளத்தூர் பக்கம் இருக்கிற காட்டுப்பாக்கம். அங்கே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் பன்றிப் பண்ணையும் இருக்கு. முக்கால் பங்கு யார்க்‌ஷயர், கால் பங்கு நாட்டுப் பன்றி கலந்து கேபிஎம் கோல்டு என்று ஒரு ரகமே கொண்டுவந்திருக்காங்க.

ஒரு பக்கம் அரசாங்கம் ரகம் கொண்டுவருது. இன்னொரு பக்கம் மானியத்தைப் பாருங்க. தேசிய கால்நடை இயக்கத்தில் பாதிச் செலவைத் திருப்பித் தர்றாங்க, 30 லட்சம் வரைக்கும். அதுக்கு 100 பெட்டையும் 10 கிடாவும் வைக்கணும். பிறகு இறக்கி 50 பெட்டை என்றும் ஒரு படி வைத்தாங்க. அம்பது பெட்டைக்குக் கொட்டில் கட்ட முடிந்தவனுக்கு என் மாதிரி அரை ஏக்கர்காரன் கஷ்டம் என்ன தெரியும்? ரெண்டு பெட்டைக்குத் திட்டம் இல்லை, கூட்டமா வளர்க்கிறவனுக்கு மட்டும் உண்டு. 2012ல் நாட்டில் ஒரு கோடியே மூணு லட்சம் பன்றி இருந்தது, 2019 கணக்கெடுப்பில் 90 லட்சத்துக்கு வந்துவிட்டது. குறைந்தது யார் வீட்டுப் பன்றி என்று நினைக்கிறீங்க?

எங்களுக்கு நிஜமான பயம் உங்க மனு இல்லை, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020ல் அசாமில் வந்தது, 2022ல் பக்கத்து வயநாட்டுக்கே வந்துவிட்டது. மனுஷனுக்கு ஒட்டாது. பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது. ஒரு பண்ணையில் வந்தால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற எல்லாப் பன்றியையும் அழிக்கணும். அது வருகிற வழியில் முக்கியமானது மிச்சச் சோறு, அதில் கலந்து வருகிற பன்றிக்கறித் துண்டு.

டிரங்க் ரோடு முழுக்கப் பிரியாணிக் கடையும் கல்யாண மண்டபமும்தான். தினமும் மிஞ்சுகிற சோறு குப்பையோடு குப்பையாப் போய் மட்கி நாறுது. கொடுங்கையூரும் பெருங்குடியும் மலையான கதை உங்களுக்குத் தெரியும். அந்தச் சோற்றைக் கறியாக்க எங்களுக்குத் தெரியும். நீங்க பிளாஸ்டிக்கையும் எலும்பையும் பிரித்து, பன்றிக்கறி கலக்காமல் தனிப் பாத்திரத்தில் கொடுத்தால் போதும். அரை மணி நேரம் கொதிக்க வைக்கிற விறகுச் செலவு என்னோடது. அந்த அடுக்குமாடி சங்கத்துக்கு இதையே பதிலா எழுதி அனுப்பியிருக்கேன். ரெண்டு நீல டிக் வந்திருக்கு.

குட்டி எப்ப வாங்கலாம்னு போன தடவை கேட்டிருந்த தம்பிக்கு: சித்திரை, வைகாசியில் வேண்டாம், இந்த வெயிலில் புதுக்குட்டி நிற்காது. ஆடி கழியட்டும். வாங்கிவந்த குட்டியை ஒரு மாசம் தனிக் கொட்டிலில் வைத்துப் பாருங்க, பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டதான்னு கேட்டு வாங்குங்க. கொட்டில் வாசலில் சுண்ணாம்புத் தண்ணி வைத்து, காலை நனைத்துவிட்டு உள்ளே போங்க.